ஓட்டியவரின் லைசென்ஸ், உரிமையாளரின் நிலம்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் சங்க உறுப்பினர் ஒருவர் கையில் நீதிமன்ற அறிவிப்போடு என் வீட்டுக்கு வந்தார். சிறிய சரக்கு வண்டி ஒன்று வைத்துக் காய்கறி ஏற்றித் தொழில் செய்பவர். பெயர் வேண்டாம் என்றார். ஆனால் "நம்ம இதழ்ல எழுதுங்க சார், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னதும் அவர்தான்.

"சார், நான் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கேன். ஒரு நாள் தவறினதில்லை. ரசீது எல்லாம் இருக்கு. இப்போ அந்தக் கம்பெனியே என் மேல மனு போட்டிருக்கு. நிலத்தை ஜப்தி பண்ணுவோம்னு எழுதியிருக்கு. இது எந்த ஊரு நியாயம்?"

அறிவிப்பை வாங்கிப் பார்த்தேன். நிறைவேற்று மனு. 2022 பிப்ரவரியில் இவருடைய வண்டியை இவர் அக்கா மகன் ஓட்டிப்போய், இரு சக்கர வண்டியில் வந்த ஒருவர் மேல் மோதிவிட்டார். அவர் இறந்துபோனார். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட தொகையை இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கட்டிவிட்டது. கட்டியதை வட்டியோடு இவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. காரணம் ஒரே வரி: விபத்து நடந்த நாளில் ஓட்டுநரின் லைசென்ஸ் காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

நான் வக்கீல் அல்ல. நீதிமன்ற அலுவலகத்தில் முப்பது வருஷம் கட்டுகளைப் பிரித்து, நூல் போட்டு, அடுக்கி வைத்து ஓய்வு பெற்றவன். அந்தக் கட்டுகளில் லைசென்ஸ் என்கிற சின்ன அட்டை எத்தனை குடும்பங்களின் கணக்கை மாற்றியிருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதற்கு நூறு வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது என்றால் இது உங்களுக்கும் உரிய வரலாறுதான்.

லைசென்ஸ் எப்படி வழக்குக்குள் வந்தது

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுகிறவர் உரிமம் பெற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அன்றைக்கு லைசென்ஸ் என்பது போலீஸுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான விஷயம். இல்லாமல் ஓட்டினால் அபராதம், அவ்வளவுதான். வண்டி மோதி ஒருவர் இறந்தால் அவர் குடும்பம் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். சம்பாதிக்கிறவரை இழந்த வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? அப்படியே போட்டு ஜெயித்தாலும், வண்டிக்காரரிடம் சொத்து இருந்தால்தான் காசு.

இங்கிலாந்தில் 1930-இல் ஒரு சட்டம் வந்தது: வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் மூன்றாம் நபருக்காகக் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். அதைப் பார்த்து நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதேபோல ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். அந்த அத்தியாயம் மட்டும் 1946-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 'மூன்றாம் நபர்' என்றால் ரோட்டில் போகும் நீங்களும் நானும். வண்டிக்காரர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், இந்த இரண்டு பேரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத மூன்றாவது ஆள்.

லைசென்ஸ் வழக்குக்குள் நுழைந்தது இந்த அத்தியாயத்தின் 96-ஆம் பிரிவு வழியாக. இன்ஷூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லிப் பணம் கொடுக்காமல் ஒதுங்கலாம் என்று அந்தப் பிரிவு சில வாசல்களைத் திறந்து வைத்தது. அதில் ஒன்று: 'முறையான உரிமம் இல்லாதவர் வண்டியை ஓட்டக்கூடாது' என்று பாலிசியில் நிபந்தனை இருந்து, அது மீறப்பட்டிருந்தால் கம்பெனி பொறுப்பல்ல. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதுவே 149-ஆம் பிரிவாக ஆனது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 1 முதல் 150-ஆம் பிரிவு. எண் மாறியது, வாசல் மாறவில்லை. இங்கிலாந்தில், கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், 1988-ஆம் ஆண்டுச் சாலைச் சட்டப்படி ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லிக் கம்பெனி மூன்றாம் நபரிடமிருந்து தப்ப முடியாது. அங்கே அந்த நிபந்தனையை இல்லாததாகவே வைத்துப் பார்க்க வேண்டும். நாமோ அவர்களிடமிருந்து வாங்கியதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

1956 திருத்தத்தில் விபத்து இழப்பீட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் வந்தன. சிவில் வழக்கு போல இல்லாமல் சுலபமான மனு, சுருக்கமான விசாரணை. நம் தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் கட்டடம் கிடையாது. மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோ தீர்ப்பாயமாக உட்காருவார். கட்டின் மேல் 'எம்.சி.ஓ.பி.' என்று எண் போட்டிருக்கும். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனால் 'சி.எம்.ஏ.'

கட்டுக்குள் என்ன இருக்கும்

ஒரு எம்.சி.ஓ.பி. கட்டைப் பிரித்தால் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். மனு, முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, வாரிசுச் சான்று, ஆர்.சி. நகல், பாலிசி நகல். அதற்கு எதிராகக் கம்பெனியின் எதிருரை. அந்த எதிருரையில் ஒரு வாக்கியம் அச்சில் வார்த்தது போல எப்போதும் இருக்கும்: 'சம்பவ தேதியில் ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை.' லைசென்ஸ் இருந்ததா இல்லையா என்று விசாரித்துவிட்டு எழுதுவதல்ல. முதலில் எழுதி வைத்துவிடுவது.

அப்படி எழுதிவிட்டால் போதுமா, யார் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வி 1985-இல் கோவாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன நார்சின்வா காமத் வழக்கில் வந்தது. கம்பெனி அங்கே ஓட்டியவரைக் குறுக்கு விசாரணை செய்து, 'லைசென்ஸைக் காட்டு' என்று கேட்டது. அவர் காட்டவில்லை. அதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்வது கம்பெனி, ஆகவே அதை நிரூபிக்க வேண்டியதும் கம்பெனிதான் என்று தீர்த்தது.

அந்தத் தீர்ப்பு எங்களைப் போன்ற அலுவலகக்காரர்களுக்கு ஒரு புது வேலையைக் கொடுத்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சம்மன். அங்கிருந்து ஓர் உதவியாளர் பெரிய பதிவேட்டைத் துணிப் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவார். காலையிலிருந்து வராந்தாவில் காத்திருப்பார். கூண்டில் ஏறி, 'இந்த எண்ணில் எங்கள் அலுவலகம் உரிமம் வழங்கியிருக்கிறது' அல்லது 'வழங்கவில்லை' என்று சொல்லிவிட்டு இறங்குவார். ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷத்துக்காக வழக்கு ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கும். இறந்தவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கைக்குழந்தையோடு வந்து போயிருப்பார்.

1987-இல் ஸ்கேன்டியா கம்பெனிக்கும் கோகிலாபென் என்ற பெண்மணிக்கும் நடந்த வழக்கில் அடுத்த கேள்வி. லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல், கிளீனரை வண்டியில் விட்டுவிட்டுத் தின்பதற்கு எதையோ வாங்கப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை நகர்த்த, ஓர் உயிர் போனது. லாரி முதலாளி லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் வைத்திருந்தார், கிளீனரிடம் கொடுக்கச் சொல்லவில்லை. அப்படியென்றால் நிபந்தனையை மீறியது முதலாளியா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மீறல் என்றால் பாலிசி எடுத்தவர் தாமே தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும். ஆகவே கம்பெனி பணம் கொடுக்கத்தான் வேண்டும். 1996-இல் சோகன்லால் பாஸி வழக்கில் மூன்று நீதிபதிகள் இதையே உறுதி செய்தார்கள்.

பிறகு போலி லைசென்ஸ் காலம். எங்கோ ஒரு ஊர் பெயர் போட்ட லைசென்ஸை வாங்கி, நம் பக்கத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே புதுப்பித்தும் வைத்திருப்பார்கள். அரசு அலுவலகம் புதுப்பித்துவிட்டதால் அது நிஜமாகிவிடுமா? 2001-இல் கமலா என்பவர் வழக்கில், போலியை எத்தனை தடவை புதுப்பித்தாலும் போலிதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்காகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தெருவில் விட முடியாது, கம்பெனி முதலில் கட்டட்டும் என்றும் சொன்னது. 2003-இல் லேரு வழக்கில் உரிமையாளர் பக்கமும் பார்த்தது. டிரைவரை வேலைக்கு வைக்கும்போது அவர் காட்டும் லைசென்ஸ் பார்வைக்குச் சரியாக இருக்கிறதா, ஆளுக்கு ஓட்டத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். நாட்டிலுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கெல்லாம் எழுதி விசாரிக்கச் சொல்ல முடியாது.

இந்த நூல்கள் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டது 2004 ஜனவரி 5-ஆம் தேதி வந்த ஸ்வரண் சிங் தீர்ப்பு. நாடெங்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போட்ட மேல்முறையீடுகளை ஒன்றாக எடுத்து மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். லைசென்ஸ் இல்லாதது, காலாவதியானது, போலியானது, வேறு வகை வண்டிக்கானது, எல்.எல்.ஆர். மட்டும் உள்ளது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். (எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் உரிமம் உள்ளவர்தான் என்று அதில் இருக்கிறது.) லைசென்ஸில் குறை இருப்பது மட்டும் போதாது. உரிமையாளர் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டார் என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும் தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லலாம். கட்டியதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள, தனி வழக்கு போடாமல் அந்தத் தீர்ப்பை வைத்தே மனு போடலாம்.

'கட்டு, பிறகு வசூலி.' நம் உறுப்பினரின் கையில் இருந்த காகிதம் பிறந்த இடம் இதுதான்.

அவர் பக்கம் நியாயம் இருந்ததா?

இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அக்கா மகன் ஆறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். லைசென்ஸ் வாங்கியது இவருக்குத் தெரியும், பார்த்தும் இருக்கிறார். அது 2021 நவம்பரில் முடிந்துவிட்டது என்பது தெரியாது. கொரோனா காலத்தில் மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்திருந்தது: 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் 2021 அக்டோபர் 31 வரை செல்லும். அது இன்னும் ஓடுகிறது என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தானாம். ஒரு மாதத்தில் தவறிவிட்டது.

இதையெல்லாம் தீர்ப்பாயத்தில் சொன்னாரா என்று கேட்டேன். "நான் எதுக்கு சார் போகணும்? கம்பெனி வக்கீல் பார்த்துக்குவார்னு இருந்துட்டேன்" என்றார்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எம்.சி.ஓ.பி. வழக்கில் உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர். ஒரே பக்கம் நிற்பது போலத் தோன்றும். லைசென்ஸ் பேச்சு வந்துவிட்டால் இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு மட்டும்தான் வக்கீல். நான் பார்த்த கட்டுகளில் உரிமையாளருக்கு நேராகப் பெரும்பாலும் 'எக்ஸ்பார்ட்டி' என்றே எழுதியிருக்கும். கம்பெனி வக்கீல் 'லைசென்ஸைத் தாக்கல் செய்யவும்' என்று பதிவுத் தபால் அனுப்புவார். அது அப்படியே வீட்டில் கிடக்கும். அந்தத் தபாலின் நகலே கம்பெனிக்குச் சான்றாவணம். ஸ்வரண் சிங் தீர்ப்பு உரிமையாளருக்கு ஒரு கேடயத்தைக் கொடுத்தது. அதை எடுத்துப் பிடிக்க அவர் நேரில் வர வேண்டும். வராதவர் சார்பில் 'அவர் கவனித்துத்தான் வைத்திருந்தார்' என்று சொல்ல ஆள் இல்லை.

இழப்பீடு பெற்ற குடும்பத்தைப் பற்றி நினைத்தால் இந்தச் சட்டம் சரியான திசையில்தான் வந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கும் அட்டை செல்லாமல் போனதற்காக இறந்தவரின் பிள்ளைகள் பட்டினி கிடக்க முடியாது. ஆனால் பாரம் காணாமல் போகவில்லை, இடம் மாறியது. கம்பெனிக்குப் பெரிய கை இருக்கிறது, தாங்கும். ஒரு ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கும் வண்டிக்காரருக்கு அப்படி இல்லை.

காலாவதி விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சட்டத்தில், லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் அது செல்லும். அந்த 30 நாளுக்குள் புதுப்பித்தால் இடைவெளியே இல்லை. அதற்குப் பிறகு புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. இடையில் விபத்து நடந்திருந்தால் அன்றைக்கு லைசென்ஸ் இல்லை என்றே பொருள். 2007-இல் ஈஸ்வர் சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்த்தது. 2019 திருத்தம் அந்த 30 நாளையும் எடுத்துவிட்டது. பதிலாக, முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்று வைத்திருக்கிறது. முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

பேட்ஜ்

நம் பகுதியில் குட்டி யானை, பிக்கப், ஷேர் ஆட்டோ ஓட்டாத குடும்பம் குறைவு. அவர்கள் எல்லோருக்கும் பல வருஷம் தலைவலியாக இருந்தது 'பேட்ஜ்'. கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட அதில் தனியாகக் குறிப்பு இல்லை. விபத்து நடந்தால் கம்பெனி உடனே 'பேட்ஜ் இல்லை, ஆகவே லைசென்ஸே இல்லை' என்று சொல்லும்.

இந்தக் குழப்பம் 1994-இல் வந்தது. அதுவரை நடுத்தர சரக்கு, கனரக சரக்கு, நடுத்தரப் பயணிகள், கனரகப் பயணிகள் என்று தனித்தனி வகை. அந்த நான்கையும் எடுத்துவிட்டு 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரே வகையாக்கினார்கள். அதே திருத்தத்தில் இலகு ரக வண்டி என்பதற்கு எடை வரம்பு 6,000 கிலோவிலிருந்து 7,500 கிலோவானது. இலகு ரக வண்டி என்பதற்கான விளக்கத்திலேயே 'போக்குவரத்து வாகனம்' என்ற சொல்லும் இருந்தது. அப்படியானால் குட்டி யானை எந்தப் பக்கம்? 1999-இல் அசோக் கங்காதர் மராத்தா வழக்கு ஒரு மாதிரி சொன்னது, பின்னால் வந்த சில தீர்ப்புகள் வேறு மாதிரி சொல்லின. 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள், 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகு ரக லைசென்ஸே போதும், தனிக் குறிப்பு வேண்டாம் என்றார்கள். 2018 ஏப்ரலில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அப்படியே எழுதியது. கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது.

2024 நவம்பர் 6-ஆம் தேதி ரம்பா தேவி வழக்கில் அந்த அமர்வு ஒருமனதாகத் தீர்த்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் இலகு ரக லைசென்ஸ் போதும். போக்குவரத்து வாகனத்துக்கான கூடுதல் தகுதிகள் அதற்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளுக்குத்தான். அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கு, இ-ரிக்‌ஷாவுக்கு உள்ள தனி விதிகள் அப்படியே தொடரும். இலகு ரக லைசென்ஸ்காரர்கள் சரக்கு வண்டி ஓட்டுவதால்தான் விபத்து அதிகரிக்கிறது என்பதற்கு எந்தப் புள்ளிவிவரமும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் இத்தனை கட்டுகளில் சொல்லப்பட்ட ஒரு வாதத்துக்குக் கையில் ஒரு கணக்கும் இல்லை!

பேட்ஜுக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்று ஒரு விதி இருந்ததும் நினைவிருக்கும். 2019-இல் எடுத்துவிட்டார்கள். அதுவரை, கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் பாதியில் விட்ட எத்தனையோ பையன்கள், வளைவு வளைவாக வெள்ளிமலை ஏறி இறங்கத் தெரிந்தும், காகிதத்தில் டிரைவர் ஆக முடியவில்லை.

கரும்பு டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் அரவைக் காலத்தில் டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் வரிசை கட்டுவதைப் பார்க்கிறீர்கள். டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர், பின்னால் சரக்கு டிரெய்லர் மாட்டியதும் 'சரக்கு வண்டி ஓட்டுகிறவர்' ஆகிவிடுவாரா? 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆகமாட்டார், டிராக்டர் லைசென்ஸே செல்லும் என்று தீர்த்தது. ஆனால் டிரெய்லரில் மேலே ஆட்களை ஏற்றிப் போவது வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் பொருந்தாது என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் முடிவாகிவிட்டது. பஸ் இல்லாத நேரத்தில் மலையிலிருந்து பிக்கப்பில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு, டிரைவரின் லைசென்ஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தக் கதவு திறக்காது.

இறந்தவரின் லைசென்ஸ்

இதுவரை சொன்னது மோதியவரின் லைசென்ஸ். கட்டில் சில சமயம் இன்னொன்றும் இருக்கும், அடிபட்டவருடையது. ரத்தக் கறையோடு மருத்துவமனையில் கொடுத்த பர்ஸிலிருந்து எடுத்த அட்டை.

அதற்கு வேறு வேலை. கனரக லைசென்ஸ் இருந்தால் அவர் கூலியாள் அல்ல, தொழில் தெரிந்தவர் என்று வருமானத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்கள். அதிலுள்ள பிறந்த தேதியை வைத்து வயது. வயதை வைத்துத்தான் எத்தனை வருஷ வருமானத்தால் பெருக்குவது என்ற எண்ணைத் தீர்மானிப்பார்கள். 2009-இல் சர்லா வர்மா வழக்கில் வந்த அட்டவணைதான் இன்றும் நடைமுறை: 26 முதல் 30 வயது என்றால் 17, 31 முதல் 35 என்றால் 16. பிறந்த தேதி ஒரு வருஷம் தள்ளியிருந்தாலே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம். ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழே மேல் என்று 2024 அக்டோபரில் சரோஜ் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வீட்டில் டி.சி. எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அடிபட்டவருக்கு லைசென்ஸே இல்லை என்றால்? 'உன் மேலும் தப்பு' என்று தொகையைக் குறைக்கக் கேட்பார்கள். 2008-இல் சுதீர்குமார் ராணா வழக்கில், லைசென்ஸ் இல்லாமல் இரு சக்கர வண்டி ஓட்டிய பையன் விஷயத்தில் உச்ச நீதிமன்றம், லைசென்ஸ் இல்லாதது குற்றம்தான், அதற்கான தண்டனை வேறு, ஆனால் அதனால் மட்டுமே விபத்துக்கு அவன் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றது. இதைப் படித்துவிட்டுப் பிளஸ் டூ பையனிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பதிவேட்டைத் துணிப் பையில் சுற்றி வந்த காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டுநரின் லைசென்ஸ் சரிதானா என்ற விவரமும் அதிலேயே சேர்ந்து போகும். ஆகவே உரிமையாளர் பேச வேண்டிய நேரமும் முன்னால் வந்துவிட்டது. நிறைவேற்று மனு வரும்வரை காத்திருந்தால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

நம் உறுப்பினர் விஷயத்துக்கு வருகிறேன். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். இன்னொரு வக்கீல், கம்பெனியோடு பேசித் தவணை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் இரண்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

வழக்குக் கட்டின் நகலை வாங்கி என்னிடம் கொடுத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். கம்பெனி தரப்புச் சான்றாவணங்களில் கடைசியாக ஒரு லைசென்ஸ் நகல். விபத்து நடந்து பதினோராம் நாள் அக்கா மகன் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்த அட்டை. புது ஃபோட்டோ, புது தேதி, 2032 வரை செல்லும்.